மஞ்சள் கட்டிய வலது பக்கம்

மெல்பேர்ன் தென்கிழக்குப் பொலிஸ் நிலையம் ஒன்றில், 2008ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி புதன்கிழமை காலை 10.15க்கு, இத்தாலிய நீதிமன்றத்தின் வேண்டுகோளின்பேரில் எடுக்கப்பட்டது. சாட்சி தமிழில் சொல்ல விரும்பியதால் மொழிபெயர்ப்பாளர் இராஜேஸ்வரி உடனிருந்தார்.

எனது பெயர் மகாதேவன் சிறிதரன். வயது 52. மல்கிரேவில் வசிக்கிறேன். டண்டினொங்கில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் அளவுப் பரிசோதகராகப் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 1987இல் இந்த நாட்டுக்கு வந்தேன். என்மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை.

கடந்த செப்டெம்பர் 18ஆம் திகதி இத்தாலியில் சியெனா நகருக்குத் தெற்கே நடந்த விபத்தில் எனது நண்பர் கோபாலகிருஷ்ணன் இறந்தார். எதிரே வந்த வான் வாகனத்தின் சாரதி புருனோ என்பவர், வயது 71, கவனமின்றி எங்கள் பாதைக்குள் வந்து மோதினார் என்று அன்றே அந்த நாட்டுப் பொலிசுக்குச் சொன்னேன். அதன்படி அவர்மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். மே மாதம் விசாரணை. குற்றம் நிரூபணமானால் அவர் சிறைக்குப் போவார். நான் அன்று சொன்னது பொய். அதைத் திருத்தவே இதைச் சொல்கிறேன்.

நானும் கோபாலும் பத்து வருடமாக ஞாயிறு காலைகளில் டண்டினொங் மலைப்பக்கம் சைக்கிள் ஓடி வந்தோம். ஐம்பது வயது தாண்டியதும் ஒருமுறையாவது இத்தாலி மலைநாட்டில் ஓட வேண்டும் என்று தீர்மானித்தோம். பாதைகளைத் தெரிவு செய்தது நான். ஆறு மாதம் வரைபடங்களை வைத்துக்கொண்டு, வாகனம் குறைந்த சிறு வீதிகளை மட்டும் பச்சை மையால் குறித்தேன். அந்தப் பச்சைக் கோட்டைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை இருந்தது. அதை யார் மாற்றச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

இத்தாலியில் வீதியின் வலது பக்கத்தால் ஓட வேண்டும். நாங்கள் பிறந்த நாட்டிலும் இடப்பக்கம், இங்கேயும் இடப்பக்கம். ஆகவே எந்தப் பக்கம் ஓடுவது என்பது மறக்காமலிருக்க, புறப்படுவதற்கு முதல்நாள் கோபாலின் மனைவி கலா, காப்புக் கட்டுவது போல, மஞ்சள் துண்டு ஒன்றை நூலில் முடிந்து இரண்டு சைக்கிள்களிலும் வலது பிரேக் பிடியில் கட்டினார். ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் முன்னால் போகிறவர் “மஞ்சள்” என்று சொல்ல வேண்டும், பின்னால் வருபவர் “ஓம், மஞ்சள்” என்று பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவரையும் கராஜில் நிற்க வைத்துச் சொல்லிப் பார்க்கச் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் சொன்னோம். கலா சிரித்தார்.

முதல் இரண்டு நாளும் ஒரு தடவைகூடத் தவறாமல் சொன்னோம்.

மூன்றாம் நாள் காலை 10.20 மணியளவில் ஒரு சிறு தேவாலயத்தின் முன்னால் இருந்த தண்ணீர்க் குழாயடியில் நின்றோம். குழாய் வீதியின் இடப்பக்கம் இருந்தது. ஒரு மணி நேரமாக ஒரு வாகனத்தையும் நாங்கள் காணவில்லை. கோபால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தார். பெரிய வீதியால் போனால் ஏற்றமில்லாத ஒன்பது கிலோமீற்றர்தான், அதால் போவோம் என்றார். நான் மாட்டேன் என்றேன்.

“கார் ஓடுற றோட்டிலை போறதெண்டால் மெல்பேர்ன் மொனாஷ் ஃப்ரீவேயிலையே ஓடியிருக்கலாமே, இவ்வளவு காசு செலவழிச்சு ஏன் வந்தனி?” என்று கேட்டேன்.

“உன்ரை பச்சைக் கோட்டிலை ஏத்தம் தெரியாது மச்சான், என்ரை முழங்காலுக்குத் தெரியுது” என்றார்.

அதன் பிறகு நான், உன்னைக் கூட்டிக்கொண்டு வந்ததுதான் நான் விட்ட பிழை என்று சொன்னேன். அவர் போத்தலை நிரப்பி மூடினார். நான் அவருக்காகக் காத்திராமல் சைக்கிளில் ஏறினேன். கோபத்தில் மஞ்சள் என்று சொல்லவில்லை. குழாயடியிலிருந்து நேரே இறங்கி, இடப்பக்கத்தாலேயே ஓடினேன். எதிரில் ஒரு வாகனம் வந்திருந்தால் உடனே நினைவு வந்திருக்கும். பெரிய வீதியில் போயிருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது.

பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் சக்கரத்தைப் பார்த்தே ஓடுவது எங்கள் வழக்கம். அதனால் கோபாலும் முதலில் என் பின்னால் இடப்பக்கத்தாலேயே வந்தார். அது இறக்கம். ஏறத்தாழ நானூறு மீற்றர் போனதும் முன்னால் வலதுபுறம் திரும்பும் ஒரு வளைவு தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து “மஞ்சள்! சிறி, மஞ்சள்!” என்று அவர் கத்தியது கேட்டது. சண்டைக்குப் பிறகு அவர் பேசிய முதல் சொல் அது.

எனக்குக் கேட்டது. விளங்கியது. ஆனால் அவர் சொல்லி நான் உடனே மாறுவதா என்று இருந்தது. அந்த வளைவு தாண்டியதும் மாறிக்கொள்வோம் என்று நினைத்தேன். பதில் சொல்லாததால் எனக்குக் கேட்கவில்லை என்று எண்ணியிருப்பார். வேகமாக மிதித்து என் வலது பக்கமாக வீதியின் நடுவுக்கு வந்து, கையை நீட்டி என் தோளைத் தொடப் பார்த்தார்.

அந்த நேரம் வளைவில் வெள்ளை நிற வான் வந்தது. அது தன் பக்கத்தில்தான் வந்தது. மெதுவாகவே வந்தது. நேர் எதிரே என்னைக் கண்டதும் புருனோ பிரேக் அடித்து, என்னில் மோதாமல் இருக்க மற்றப் பக்கம் திருப்பினார். நான் இடப்பக்கப் புல்லுக்குள் விழுந்தேன். வான் கோபாலில் மோதியது.

(11.05க்குச் சாட்சி தண்ணீர் கேட்டார். பத்து நிமிடம் நிறுத்தி மீண்டும் தொடங்கப்பட்டது.)

அதன் பின் புருனோ வானிலிருந்து இறங்கி வந்து தனது கோட்டைக் கழற்றிக் கோபாலுக்குப் போர்த்தினார். அவரிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை. என்னுடையது உடைந்திருந்தது. அவர் மேலே தெரிந்த வீட்டை நோக்கி ஓடினார். வானின் பின்னால் திராட்சைக் கூடைகள் இருந்தன. இரண்டு சரிந்து பழங்கள் வீதியில் கிடந்தன. நான் கோபாலின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களில் மூச்சு நின்றது.

அதன் பின் நான் எழுந்து, புல்லுக்குள் கிடந்த எனது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்து வலப்பக்கக் கரையில் போட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். நான்தான் கொன்றேன் என்று கலாவுக்குத் தெரியக் கூடாது என்ற ஒரே பயம்தான். வேறு காரணம் இல்லை.

புருனோ திரும்பி வந்தபோது சைக்கிள் இடம் மாறியிருந்ததைக் கண்டார். என்னைப் பார்த்தார். கோபாலின் தலைமாட்டில் முழங்காலில் நின்று செபம் செய்தார்.

பொலிசார் வந்து வானின் சக்கர அடையாளம் நடுக்கோட்டைத் தாண்டியிருந்ததையும் எனது சைக்கிள் கிடந்த இடத்தையும் அளந்தார்கள். நான் சொன்னது அந்த அளவுகளோடு சரியாகப் பொருந்தியது. அளவு பார்ப்பது எனது தொழில். பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.

மெல்பேர்னுக்குத் திரும்பி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று கலா என்னிடம், “அண்டைக்கு வெளிக்கிடேக்கை மஞ்சள் சொன்னனீங்களோ, சிறி அண்ணா?” என்று கேட்டார். “ஓம், சொன்னனான்” என்றேன். “அவர் பதில் சொன்னவரோ?” என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அதைக் கேட்டு அவர் அழுதார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

கடந்த சனிக்கிழமை கலா, இத்தாலிய நீதிமன்றத்திலிருந்து தனக்கு வந்த ஒரு கடிதத்துடன் எனது வீட்டுக்கு வந்தார். புருனோ கொடுத்த வாக்குமூலத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. இரண்டு சைக்கிள்களும் தன் பக்கத்தில் வந்தன என்றும், மற்ற மனிதர் பிறகு சைக்கிளை இடம் மாற்றினார் என்றும், அவர் பயந்துபோயிருந்தார், அவர்மேல் தனக்குக் கோபமில்லை என்றும் அதில் இருந்தது.

“பொய் சொல்லுறதுக்கும் ஒரு அளவு வேணும் அண்ணா. செத்த மனிசனிலை பழி போடுறான். நீங்கள் போய் நடந்ததைச் சொல்லுங்கோ. நானே கூட்டிக்கொண்டு போறன்” என்றார்.

இன்று காலை அவரே தனது காரில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வெளியே வர நேரம் ஆகும் என்று பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டு வந்திருக்கிறார். இப்போது வெளியே கதிரையில் இருக்கிறார். புருனோவுக்கு எதிராக நான் பேசுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்காக என்மீது வழக்கு வரலாம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். விளங்கிக்கொண்டேன். கலாவுக்கு இதை வேறு யாரும் சொல்ல வேண்டாம், பிரதியை நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று கேட்டேன். அதிகாரி சம்மதித்தார்.

எழுதியதை இராஜேஸ்வரி எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. இம்முறை சொன்னது அத்தனையும் உண்மை.

ஒப்பம்: ம. சிறிதரன்

முடிந்த நேரம் பகல் 12.40. பிரதி சாட்சியிடம் கொடுக்கப்பட்டது. சாட்சி கதவருகில் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே போனார்.