முனியாண்டி வளைவில் லாரியின் முன் எக்ஸல் முறிந்தது குறித்து

பெயர்: கலாதேவி, தகப்பனார் பெயர் ஐயாவு. வயது 47. தொழில்: செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குதல். முகவரி: பீடோர், பழைய தோட்டக் குடியிருப்பு. கணவர் மருத்துவமனையில் இருப்பதால் தற்சமயம் ஈப்போ சிலிபினில் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறேன்.

லாரி ஓட்டுநர் தனேஸ்வரன் என் கணவர். இந்த விஷயத்தை மருத்துவமனையில் ஒரு முறை, கம்பெனி ஆட்களிடம் ஒரு முறை, பீடோர் போலீஸ் நிலையத்தில் ஒரு முறை சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இங்கே வாக்குமூலம் எழுதும் போலீஸ் சார்ஜன் முதலிலிருந்து கேட்பதால் மறுபடியும் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் முன்பு ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. வெட்டிய குலைகளை ஏற்றி ஆலைக்குப் போக மண் பாதையில் மேடு ஏற வேண்டும். அதற்காகவே முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய லாரியை என் கணவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மேட்டின் பாதியில் பாதை ஒரேயடியாக மடங்கித் திரும்பும். அந்த வளைவில் ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் முனியாண்டி கோயில். அந்த இடத்தில்தான் லாரியின் முன் எக்ஸல் திரும்பத் திரும்ப முறிந்தது. ஒவ்வொரு தடவையும் இவர் சேற்றில் படுத்துப் புரண்டு வருவார், அந்தச் சட்டையைத் துவைப்பது நான்.

போன தடவை முறிந்தபோது ஜெலாப்பாங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே மெக்கானிக் விக்னேஸ்வரன், “அண்ணே, ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சு வச்சுகிட்டு எண்ணெய் மிதிச்சா எந்த எக்ஸலும் தாங்காது லா. வளைவுல நிறுத்துங்க, கொஞ்சம் கோஸ்தான் எடுங்க, டயர நேராக்கிட்டு அப்புறம் ஏறுங்க,” என்றார். எண்ணெய் மிதிப்பது என்றால் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது, கோஸ்தான் என்றால் வண்டியைப் பின்னால் எடுப்பது. சார்ஜனுக்குத் தெரியும், எழுதுவதற்காகச் சொல்கிறேன். அதன் பின் சூப்பர்வைசர் முகுந்தனும் இனிமேல் அந்த வளைவில் எல்லோரும் கோஸ்தான் எடுத்துத்தான் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

என் கணவர் எடுக்கவில்லை. அங்கே யாருமே எடுக்க மாட்டார்கள். முனியாண்டியைக் கடந்து போகலாம், ஆனால் வண்டியின் பின்பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. கோஸ்தான் எடுத்தால் சரியாக அங்கேதான் போகும். “முகுந்தன் வேணும்னா வந்து எடுக்கட்டும், நான் மாட்டேன்,” என்று சொல்லிவிட்டார். எக்ஸல் இன்னொரு முறை முறிந்தால் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லியிருந்தது. வீட்டில் இதே பேச்சாக இருந்து எனக்கு அலுத்துப்போயிற்று.

அதனால் நான்தான் ஒரு வழி சொன்னேன். கோயிலில் அலங்காரம் செய்யும்போது சாமிக்கு முன்னால் திரை போடுகிறார்களே, அது போல நான் இறங்கிக் குலை மூடுகிற கேன்வஸைச் சாமிக்கு முன்னால் விரித்துப் பிடிக்கிறேன், நீங்கள் எடுங்கள் என்றேன். அவர் வெகு நேரம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

சம்பவ தினத்தன்று காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. லாரி நிறையக் குலை இருந்தது, நானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வளைவில் அவர் நிறுத்தினார். நான் கேன்வஸோடு இறங்கிப் போய், முனியாண்டி சிலைக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, “எடுங்க!” என்று கத்தினேன். லாரி நகரவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டி, “சாமிய மறைக்கிறேன்னு நீ நடுவுல நிக்கிறியே, கால் வழுக்கிச்சுன்னா ஒம்மேல ஏத்தவா? நகரு!” என்றார். நகர்ந்தால் சாமி தெரியும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பழையபடி ஸ்டேரிங்கை முழுதும் ஒடித்து முன்னாலேயே ஏற்றினார்.

எல்லாம் வீண் என்று நான் கேன்வஸைச் சுருட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் பாதை நடுவில் நடந்தேன். அப்போது முன்னால் பெரிய சத்தம் கேட்டது. எக்ஸல் போய்விட்டது என்று தெரிந்தது. முறிந்தபோது பிரேக் குழாயையும் அறுத்துவிட்டதாகப் பிறகு விக்னேஸ்வரன் வந்து பார்த்துச் சொன்னார். லாரி பின்னால் வழுக்கி வர ஆரம்பித்தது. நான் திரும்பி ஓடும்போது கேன்வஸ் காலில் சிக்கிச் சேற்றில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. லாரியின் பின்பக்கம் நேராக என்னை நோக்கி வந்தது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அதன் பின் முன்சக்கரங்கள் சட்டென்று திரும்பின. லாரி என்னை விட்டு விலகி, பின்பக்கத்தோடு போய்க் கோயில் மேடையில் இடித்தது. சிலை உடைந்தது. லாரி சாய்ந்ததில் என் கணவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவு அண்ணன் அந்த நேரம் மேட்டுக்கு மேலே நின்றிருந்தார். கோயில் பக்கம் சக்கரம் திரும்பியதை அவர் பார்த்தது உண்மை. லாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த என்னை அவர் பார்த்திருக்க முடியாது. கம்பெனி உத்தரவால் சாமி மேல் வெறுப்பு வந்து இடித்துவிட்டான் என்று அவர் புகார் கொடுத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர் அவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நேற்று மருத்துவமனையில் என் கணவர், “பிரேக் போச்சு, லாரி தானா போயி இடிச்சதுன்னு சொல்லு கலா. வேற ஒண்ணும் பேசாதே,” என்றார். சாமியை இடித்த கை என்று ஊர் சொல்வதை அவரால் தாங்க முடியாது. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு முனியாண்டியிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் சொன்னபடி சொல்லத்தான் நானும் இன்று வந்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் அப்பாவு அண்ணன் பார்த்ததுதான் நிற்கும், இவர் குற்றவாளியாக உள்ளே போவார். வேலை போனால் போகட்டும். ஊரில் யாரும் பேசாவிட்டாலும் போகட்டும். எனக்கு இனிமேல் மறைத்துப் பிடிக்கத் தெம்பு இல்லை.

ஓட்டுநர் வேண்டுமென்றே கோயில் பக்கம் திருப்பினாரா என்று சார்ஜன் கேட்டதற்கு என் பதில்: ஆமாம், வேண்டுமென்றேதான் திருப்பினார். சாமியா நானா என்று யோசிக்க அவருக்கு நேரமே இல்லை. யோசிக்காமலே திருப்பினார்.

நான் சொன்னதை எழுதி, எனக்குப் புரியும்படி வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான். திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) கலாதேவி