பன்னிரண்டாவது பேச்சு

மேடையில் வீற்றிருக்கும் சங்க நிருவாகிகளே, முன்வரிசையில் துயர் தாங்கி அமர்ந்திருக்கும் கணவர் கரிகாலன் அவர்களே, வகுப்பு முடித்து நேரே வந்திருக்கும் பேராசிரியர் கபிரியேல் அவர்களே, ஒபர்வில்லியேயில் வேலை முடித்துச் சாப்பிடாமலே ஓடிவந்த உறவுகளே! உங்கள் தலைவன் தவரத்தினத்தின் வணக்கம். இன்று சுருக்கமாகப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாட்சாயினிக்கு அதுதான் பிடிக்கும்.

முப்பத்தொரு நாளுக்கு முன் மாரடைப்பு பறித்துக்கொண்ட ஆய்வாளர் தாட்சாயினி கரிகாலன் யார்? பிரெஞ்சு மண்ணில், நம்முடைய இந்த லாச்சப்பல் தெருவில், பலசரக்குக் கடையில் பதினெட்டு ஆண்டு நின்றவர். அஞ்சல்வழியில் பட்டம் முடித்து, ஐம்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகம் போய், ஆசிய-பசிபிக் கற்கைநெறியில் சிறப்பு ஆய்வாண்டுக்குச் சேர்ந்தவர்! பிஜித் தீவுத் தமிழரை ஆராயப்போனார். அவர்களோடு ஒப்பிட யாரை எடுத்தார்? நம்மை! நம்மிடம் எதை? இரங்கல் கூட்டங்களை! அன்று பிடித்தது எனக்குச் சனி.

முன்வரிசையில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அமர்வார். ஒருநாள் கூட்டம் முடிந்ததும் கிட்ட வந்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இருபத்தெட்டு நிமிசம் கதைச்சனீங்கள். அதிலை செத்த மனுசனைப் பற்றி நாலு நிமிசம்தான்."

"மிச்சம்?"

"மிச்சம் உங்களைப் பற்றி."

வில்லியே லே பெல்லிலிருந்து வரும் ரயிலில் நின்றபடியே படிப்பார். படிப்பு மும்முரத்தில் கார் து நோர் நிலையத்தில் இறங்க மறந்து, அடுத்த நிலையமான ஷத்தலே வரை போய்த் திரும்பி, முதலாளியிடம் ஏச்சு வாங்கிய நாள்கள் எத்தனை! "ஏச்சு விழுந்தாலும் அத்தியாயம் முடிஞ்சுது" என்பார்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ஆய்வுக்குப் பன்னிரண்டு பேச்சாளர் வேண்டும். ஒவ்வொருவரும் சம்மதப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். பதினொரு பேர் இட்டார்கள். நான் இடவில்லை! பெயர், பிறந்த திகதி, கையொப்பம் மூன்றும் ஒரே பிரெஞ்சுத் தாளில் இருந்தால், அகதியாய் வந்த நமக்குக் கை வருமா?

"தங்கச்சி, கண்ட பேப்பரிலையும் நான் கையெழுத்து வைக்கிறேல்லை."

"ஓம் அண்ணை. யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் பொறுத்திருக்கிறன்."

என் பேச்சு முழுவதும் அவர் கருவியில் இருந்தது. கையொப்பமின்றி ஒரு வரியையாவது எடுத்தாரா? இல்லை! வேறொருவரைப் பிடிக்கச் சொன்னார் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர். தவரத்தினம் பேசாத செத்தவீடு லாச்சப்பலில் இல்லை, அவரில்லாவிட்டால் ஆய்வு பொய்யாகும் என்று தாட்சாயினி மறுத்தாராம். மூன்று மாதம் காத்திருந்தார். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் போய்விட்டார். வெட்கமாக இருக்கிறது சபையோரே.

அத்தியாயங்கள் எல்லாம் எழுதியாகிவிட்டன. பன்னிரண்டாவது பேச்சைச் சேர்த்தால், ஆய்வேடு தாட்சாயினியின் பெயரிலேயே நூலகம் ஏறும் என்கிறார் பேராசிரியர். அதைத் தமிழாக்கி இதே மண்டபத்தில் வெளியிடுவோம். பிஜித் தமிழருக்கும் அனுப்புவோம். இது சங்கத்தின் உறுதி!

கரிகாலன், மேசையில் அவருடைய கருவியை வைத்தது நீங்கள்தானே? சிவப்பு விளக்கு எரிகிறது. பேராசிரியர் ஐயா, என் பழைய பேச்சு வேண்டாம், இதை எடுங்கள். படிவம் இதோ, மூன்று மாதமாக என் கோட்டுப் பையில் மடித்தபடியே கிடந்தது. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்பமிடுகிறேன்.

இன்றும் பாதி என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். அப்படியே எழுதிவிடு, தங்கச்சி. சம்மதம்.