நான்கு பேருக்கு ஒரு மூக்கு

சபையோரே, பேச்சை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு குட்டிக் கதை சொல்கிறேன். நடுவில் யாருக்காவது தும்மல் வந்தால் முழங்கையில் தும்முங்கள்... கதை காத்திருக்கும்.

போன கொரோனா அலையின்போது நடந்தது. பூட்டுக் கடை சோலையப்பன் மகளுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் நால்வருக்கும் தொற்று இல்லை என்று சோதனை முடிவு காட்டினால்தான் மண்டபம் திறக்கும். நியாயம்தானே? ஆனால் சோலையப்பனுக்கு இருமல்.

மனைவி பாக்கியம் கேட்டாள்: "என்னங்க, இந்த இருமு இருமுறீங்களே... வந்துடுச்சோ?"

"வாயைக் கழுவுடி! சாம்பிராணிப் புகை."

சாம்பிராணிப் புகைக்கு எதற்குச் சோதனை பயம்? யாரும் கேட்கவில்லை. மைத்துனன் தங்கமாயனை வரவழைத்தார்கள். கபடி ஆட்டக்காரர். அவர் தொடை தட்டினால் தெருவிளக்கு அதிரும். காய்ச்சலே காணாத உடம்பு!

சோதனைக்கூடத்து ஆள் நான்கு குச்சிகளோடு வந்தார். நாற்காலியில் தங்கமாயன் மட்டும் அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறார்.

"சார், நாலு பேருன்னு சொன்னீங்க... ஒரு மூக்குதான் இருக்கு?"

சோலையப்பன் மடக்கினார்: "ஏம்ப்பா, ரேஷன் கடைக்கு வீட்டுக்கு ஒருத்தர்தானே போறோம்? ஒரே வீடு, ஒரே சோறு... மூக்கு மட்டும் எதுக்குத் தனித்தனியா?"

சோதனைக்கூடத்து ஆள் யோசித்தார். தட்டில் லட்டு வந்தது. யோசனை முடிந்தது.

"மச்சான், குச்சி மூளை வரைக்கும் போகுது மச்சான்!"

"பொறுத்துக்கடா. அங்க தட்டுப்பட ஒண்ணுமில்ல."

மறுநாள் முடிவு வந்தது. நான்கு பேருக்கும் தொற்று! மணப்பெண்ணுக்கும்தான். சுகாதார ஆய்வாளர் பிளீச்சிங் பவுடரோடு வாசலில் நிற்கிறார்.

சோலையப்பன் அலறினார்: "சார்... அது என் மூக்கே இல்ல சார்!"

"அப்ப யாரு மூக்கு?"

சொன்னால் மோசடி. சொல்லாவிட்டால் மகள் நோயாளி. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியின் போன்.

"பொண்ணுக்கே வந்துடுச்சாமே? கல்யாணமே வேண்டாங்கிறாங்க எங்க வீட்டுல."

சோலையப்பன் உடைந்துவிட்டார். "ஐயோ சம்பந்தி, பொண்ணு மூக்குல யாரும் குச்சியே விடல! நாலும் தாய்மாமன் மூக்கு. வந்திருக்கிறது அவனுக்குத்தான்!"

சம்பந்தி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தத் தாய்மாமன்? காலையிலேருந்து எங்க வீட்டுல உட்கார்ந்து, எங்கப்பாவுக்குக் கபடிக் கதை சொல்லிக்கிட்டு, மூணாவது தோசை சாப்பிடுறாரே... அவரா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்... கல்யாணம் நடந்தது. சம்பந்தியின் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த பிறகு நடந்தது.

சரி, சோலையப்பனுக்கு இருந்தது என்ன? இருமலா, நோயா? அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவர் மூக்கைத்தான் யாரும் பார்க்கவில்லையே! ஊரிலேயே திடமான ஆள் நோயைச் சுமந்துகொண்டு வீடு வீடாகத் தோசை சாப்பிட்டார். இந்த மோசடி மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், அவரைச் சோதிக்க யாருக்கும் தோன்றியிருக்காது. ஊருக்கே பந்தி பரிமாறியிருப்பார். அந்தத் தெருவில் நடந்த ஒரே உருப்படியான சோதனை அதுதான்!

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறீர்களே... தங்கமாயனும் கல்லு மாதிரிதான் இருந்தார். நாளைக் காலை நம் வார்டுப் பள்ளிக்கூடத்தில் சோதனை முகாம். இருமுகிறவர்கள் வாருங்கள். கல்லு மாதிரி இருப்பவர்கள் அவர்களுக்கு முன்னால் வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்...

அவரவர் மூக்கோடு வாருங்கள்.