சூட்டுத் தட்டின் மேல் சுண்டெலித் தோல்

பிறவா எலிக்குஞ்சின் பட்டுத்தோலில் பாடம் பயின்ற பேரறிவே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முனைமழுங்கா முயற்சியின் முதல்வியே! நேரில் மேடம் என்றும், நீங்கள் அப்பால் நகர்ந்ததும் மாமியார் என்றும் எங்களால் அழைக்கப்பட்ட ஆய்வகத் தலைவியே! உங்கள் பணிநிறைவு நாளில் வணங்குகிறோம். காலை முதல் எங்கள் முகம் சரியில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணத்தை இம்மடலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வெப்பமோ காயமோ தாக்கும்போது உயிரணு தன்னைக் காக்க உருவாக்குபவை அழுத்தப் புரதங்கள். எந்தத் தொல்லையும் எட்டாத கருவறையில், தோல் உருவாகும்போதே அவை தோன்றுமா, தோன்றினால் எதற்கு என்று நீங்கள் கேட்ட கேள்வியில்தான் எங்களில் பலருக்குப் பட்டமும் பிழைப்பும் கிடைத்தன. பாராட்டில் மகா கஞ்சம் நீங்கள். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் என்றால் முதல் போன் உங்களுடையதுதான்.

சென்ற ஆண்டு எங்கள் இளைய ஆய்வாளர், நீங்கள் ‘அவசரம்’ என்று பெயர் சூட்டியவள், அப்புரதம் இருக்குமிடம் பச்சையாய்த் தெரியும்படி சாயமேற்றி எடுத்த படங்களில் கருவின் தோல் கீழடுக்கு முதல் மேலடுக்கு வரை ஒளிர்ந்தது. துள்ளிக் குதித்தோம். உங்கள் பணிநிறைவுக்குள் கட்டுரை வந்துவிடும் என்று இயக்குநர் வரை சொல்லியாயிற்று. நீங்களோ அவள் தோலை வெட்டும் மேசைக்குப் போய், கிண்ணத்தின் அடியில் கையை வைத்தீர்கள். திசு சில்லிட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அவள் கிண்ணங்களைச் சூட்டுத் தட்டில் வைத்திருந்தாள். தட்டு அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தது. சூடு பட்டால் பிறக்கும் புரதத்தைத் தேடப்போய், நாங்களே சூடு வைத்துக்கொண்டிருந்தோம்!

கட்டுரையை நிறுத்தச் சொன்னீர்கள். அவள் பட்டம் தள்ளிப்போகும், உங்கள் கடைசிக் கட்டுரை உங்கள் காலத்தில் வராது என்று அவள் அழுதே விட்டாள். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“நான் ரிட்டயர் ஆவேன், தப்பு ரிட்டயர் ஆகாது. அந்தப் பச்சை தோல்லேருந்து வந்துச்சா, நம்ம தட்டுலேருந்து வந்துச்சான்னு எனக்குத் தெரியணும்.”

எங்களில் சிலர் வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். இருந்தும் வெட்டிய கணமே திசுவை உறையவைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். முழு விடையும் தெரியட்டும் என்று, நீங்கள் கேட்டபோதெல்லாம் மழுப்பினோம். கடைசிப் படம் இன்று காலைதான் கிடைத்தது; எங்கள் முகம் மாறியது அதனால்தான்.

கீழடுக்கு முழுக்க இருட்டு. நாம் எழுதியதில் பாதி, தட்டின் சூடு. அந்தப் பாதியை உங்கள் பெயரில் உலகுக்கு அனுப்பியிருப்போம். ஆனால் உயிரணுக்கள் தட்டையாகி, இறுகி, உடலுக்கு வேலி கட்டும் மேலடுக்கில் அப்புரதம் ஒளிர்கிறது அம்மா! பார்த்த குஞ்சு ஒவ்வொன்றிலும் ஒளிர்கிறது. அது தோலுக்கே உரியது.

இம்மடலை வாசிக்கும் குரல் நடுங்கினால் பொறுத்தருள்க. வாசிப்பவள் ‘அவசரம்’தான்.

நோயின்றி நெடிது வாழ்க! நிறைவோடும் நிம்மதியோடும் வாழ்க! நாங்கள் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விழா முடிந்ததும் மாடிக்கு வாருங்கள். நுண்ணோக்கியை அணைக்காமல் வைத்திருக்கிறோம்.

உங்கள் கண்ணுக்கு அஞ்சி, உங்கள் கண்ணையே நம்பும்
ஆய்வகத்தார் அனைவரும்