மொட்டு விட்ட செடியை அசைக்கக் கூடாது

ருய்ஷியாங் செடிக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது, ஐயா. எங்கள் தாயூ ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். இலை ஓரத்தில் மஞ்சள் கரை கட்டியிருக்கும். வசந்த விழாவுக்குப் பூத்தால் தெருக்கோடி வரை மணக்கும். ஆனால் ரோஷக்காரச் செடி. மொட்டு விட்ட பிறகு வேரை அசைத்தால், இலை பச்சையாக இருக்கும்போதே உதிர்ந்து செத்துப்போகும். நாற்பது வருடமாக வளர்க்கிறேன். என் கையில் ஒன்றுகூட அப்படிப் போனதில்லை.

அன்று காலை என் மனைவி யுன்ஷியு தோட்டப் படியில் பாசி வழுக்கி விழுந்தாள். இடுப்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"தூக்கிவிடுய்யா கிழவா, என்ன வேடிக்க பாக்குற?"

"அசையாம கெட. அசைஞ்சா மோசமாயிடும்."

"நான் என்ன உன் செடியா?"

அவளுக்கு வாய் எப்போதும் அப்படித்தான். அந்த வாய் எனக்குப் பிடிக்கும். ஒரு வாரமாக அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மகள் மெய்ஃபென் சனிக்கிழமை காரில் வந்து, ஷென்ஜென் நகரத்துக்கே அழைத்துப்போய் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பேரனுக்கென்று உப்பிட்டுக் காயவைத்த வாத்தைக்கூடத் தாளில் சுற்றிவிட்டாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. வலித்தது, அதை மறைக்க மாட்டேன்.

நான் அவளை அசைக்கவில்லை. நான்கு மூங்கில் நட்டு, பனிக்காலத்தில் செடிகளுக்குப் போடும் பிளாஸ்டிக் தாளை மேலே கட்டினேன். சுற்றிலும் வைக்கோல் பரப்பினேன். அடிபட்ட வேருக்கு ஈரம் அதிகம் ஆகாது என்பதால் உதட்டை மட்டும் நனைத்தேன். இரண்டாம் நாள் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"மெய்ஃபென கூப்பிடு. ஒன்ன கும்புடுறேன்" என்றாள்.

மெய்ஃபெனே போனில் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாகிட்ட குடு."

"இப்பதான் கண்ணசந்தா. பெட்டி கட்டுனதுல அலுத்துட்டா."

"சரி, தூங்கட்டும். வீம்பு பண்ணாம மாத்திரைய போடச் சொல்லு."

நான்காம் நாள் காலையில் முதல் மொட்டு அவிழ்ந்தது. கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தேன்; உடம்பு சில்லிட்டிருந்தது.

மருத்துவமனை பத்து நிமிடத் தூரம்தான். கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால் மகளோடு போயிருப்பாள். இரண்டும் அவள் விழுந்த நிமிடமே எனக்குத் தெரியும். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மெய்ஃபெனிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள், ஐயா. அவள் அம்மாவை நான் கடைசிவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.