ஜனாஸா அறிவித்தலில் ஓர் ஆவுளியா

“ஹலோ?… ஹலோ, யாரு?… ஆ?… இல்ல, பேரச் சொல்லுங்க முதல்ல… எந்த சரீப்?…”

கருவாட்டு வாடிக்குள், மீன் பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்த றிப்தியின் கையிலிருந்து போன் நழுவி மடியில் விழுந்தது. திரையில் பெயர் தெளிவாகத்தான் இருந்தது. ‘சரீப் நானா’; நானா என்றால் அண்ணன். அந்தப் பெயருக்கு உரியவரை இன்று காலை சாகடித்து மவுத்தாக்கியவன் றிப்திதான்.

“நானா… நீங்க ஹயாத்தோட, உசிரோடதானே கதைக்கிறீங்க?… இல்ல, சும்மா கேட்டன்… எங்க இருந்து?… உச்சமுனையா! உச்சமுனைல எங்க, கரைலயா, தண்ணிலயா?… கரைல. அல்ஹம்துலில்லாஹ்… இல்ல நானா, அழல்ல. கருவாட்டு மணம், கண்ணுல தண்ணி வருது…”

சரீப், மர்ளியாவின் புருஷன்; கண்டக்குழியில் இரண்டு வள்ளமும் வெள்ளைக்காரர் தங்குகிற ஒரு சின்ன லொட்ஜும் வைத்திருப்பவர். றிப்தி, கெம்பஸ் லீவில் ஊருக்கு வந்து ‘உப்புக்குக் கீழே ஓர் ஊர்’ என்றொரு மாயக்கதை நாவல் எழுதிக்கொண்டிருப்பவன். நாவல் அச்சாக வேண்டுமென்றால் வாசகர்கள் முன்கூட்டியே பணம் போட வேண்டும். போடுகிறவர்களின் பெயரில் நாவலுக்குள் ஒரு பாத்திரம் வரும். ஊரிலேயே முதல் ஆளாகப் போட்டவர் சரீப். முதல் அத்தியாயத்திலேயே சாகிற பாத்திரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் வாசிக்கத் தனக்குப் பொறுமை கிடையாதாம்.

“ஓம்… ஓம் நானா, விளம்பரம் போட்டாச்சு. விடியச் சுபஹுக்குப் பொறகே போட்டுட்டன்… ஓம், வாட்ஸ்அப்லதான்… வரவேற்பா? சரியான வரவேற்பு. ஊரே அதத்தான் கதைக்குது…”

ஊர் கதைத்தது உண்மைதான். றிப்தி அந்த விளம்பரத்தை மரணம் சொல்கிற ஒரு ஜனாஸா அறிவித்தல் மாதிரிச் செய்திருந்தான். பச்சைக் கரை, நடுவில் சரீபின் படம், கீழே: ‘கண்டக்குழியைச் சேர்ந்த சரீப் அவர்கள், உச்சமுனைக்கு அருகே ஏழு தலை ஆவுளியா விழுங்கியதில் வபாத்தானார்கள்.’ அதற்கும் கீழே, நாவலை முன்பதிவு செய்ய அவனுடைய போன் இலக்கம். ஆவுளியா என்பது கடற்பசு, நீரேரியில் புல் மேய்ந்து திரிகிற ஒரு பாவப்பட்ட பிராணி. ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று அவன் நினைத்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, அறிவித்தல் அசலாக இருக்கட்டும் என்று, மரணச் செய்திக்குச் சொல்கிற ‘இன்னாலில்லாஹி’ போட்டிருந்தான். அதைக் கண்ட பிறகு இந்த ஊரில் யாரும் அடுத்த வரிக்குப் போவதில்லை. எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

‘இது நாவல் விளம்பரம்’ என்று திருத்தம் போட்டுப் பார்த்தான். அதற்குக் கீழேயும் இன்னாலில்லாஹி என்று எழுதினார்கள். சரீப் உண்மையாகவே விடியற்காலையில் உச்சமுனைக்குப் போயிருந்தார், போனும் எடுபடவில்லை. மதிய ளுஹர் தொழுகைக்குப் பிறகு றிப்திக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆவுளியா ஆளை விழுங்குமா என்று போனில் தேடிப் பார்த்தான்.

“இல்ல நானா, சுறா இல்ல, ஆவுளியாதான்… மானம் ஒண்டும் போகாது… தலை ஏழு நானா, ஏழு!… நானா, அத விடுங்க. நீங்க மர்ளியா ராத்தாக்கு ஒரு கோல் எடுங்க. இப்பவே… சாமான் ஒண்டும் வேணாம், அதுக்கில்ல. சும்மா ஒருக்காக் குரலக் காட்டிட்டு வெச்சிருங்க… சுகம், சுகம். தனிய இல்ல, எல்லாரும் பக்கத்துல இருக்காங்க. முத்தத்துல குந்துறதுக்குக் கதிரையெல்லாம் போட்டு… ஆ?… கதிரை என்னத்துக்கு எண்டா…”

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஒருமுறை செருமியது. றிப்தி போனைக் கமக்கட்டுக்குள் செருகினான். பிறகு சாக்குக்குள் திணித்தான். இரண்டும் பிந்திவிட்டன. கடலில் கிடக்கும் சரீப் அவர்களின் மையித்தைத் தேடிப் போவதற்கு, வள்ளம் உள்ளவர்கள் உடனடியாகக் கரைக்கு வரும்படி, பாங்கு சொல்கிற மோதினார் கேட்டுக்கொண்டார். மனிதர் எந்த அறிவித்தலையும் இரண்டு தரம் சொல்வார். பெயரை அழுத்திச் சொல்வார்.

“ஹலோ… நானா?… கேட்டுச்சா?… அது வேற சரீப்… ஓம், கண்டக்குழிதான்… ஓம், லொட்ஜ் வெச்சிருக்கிற வேற சரீப்…”

“…ஓம். நீங்கதான்… ஓம் நானா, மவுத்தாப்போயிட்டீங்க… காலைல இருந்து… நான் ஏழு தலை எண்டு தெளிவாப் போட்டிருக்கன் நானா, ஒருத்தரும் வாசிக்கல்ல… ஏசுங்க. நல்லா ஏசுங்க, ஞாயம்தான்… ஓம்… ஓம்… அதுவும் ஞாயம்… எண்ட உம்மாவ இழுக்காதீங்க நானா, அவவும் அங்கதான் அழுதுக்கிட்டிருக்கா…”

கச்சான் காற்றில் வாடியின் தென்னோலைக் கிடுகு படபடவென்று அடித்தது. றிப்தி கிடுகின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

“நானா, ஒரு நிமிசம் ஏசாதீங்க… கடல்ல வள்ளம் எறக்குறாங்க… ரிஃபாஸ் நானா… ஓம், உங்கட தம்பிதான். உங்களோட கதைக்காத தம்பி… தனிய. காத்து எண்டு எல்லாரும் புடிச்சாங்க, உதறிட்டு ஏறிட்டார்… சரியான கச்சான் நானா, கடல் வெள்ளையா நிக்கிது… வள்ளம் நிமிருது… அல்லாஹ்வே… இல்ல, கவிழல்ல. கவிழல்ல நானா. தண்ணி அள்ளி ஊத்துறார்… போறார்…”

ஏச்சு வந்துகொண்டிருந்தபோது றிப்திக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் இப்போது போய்விட்டது.

“நானா?… இருக்கீங்களா?… தெரியாது நானா, அழுறாரா எண்டு இங்கேருந்து வெளங்கல்ல… அவர்ட போனுக்கு எடுத்தன், அது வீட்டுல அடிக்கிது… என்ன?… வேணாம்! நீங்க எறங்காதீங்க! வல்லாஹி, தண்ணில கால் வெச்சிராதீங்க! நான் எழுதின எடமே அதுதான்… ஆவுளியா இல்ல எண்டு எனக்கும் தெரியும் நானா, காத்து இருக்குதானே… பயமா இரிக்கு நானா. முதல் அத்தியாயத்துல ஒருத்தரத்தான் சாகடிச்சன்…”

“எங்க?… பள்ளிக்கா? நானா?… அங்க முழு ஊரும் நிக்கிது, என்ன உரிச்சி உப்புப் போட்டுருவாங்க… ஓம்… ஓம், மைக் கடல் வரைக்கும் கேக்கும்… ஓம், அவர் தூரம் போகல்ல இன்னும்… உங்கட போன்ல சார்ஜ் எவ்வளவு?… அல்லாஹ்வே. வெச்சிராதீங்க, நான் ஓடுறன்…”

ஓடினான். ஒரு செருப்பு மீன் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. பள்ளி முற்றத்தில் அவனை முதலில் கண்ட ஆள், சாரத்தை மடித்துக் கட்டினார்.

“வெலகுங்க… நானா, உங்களுக்கில்ல, நீங்க வெலகாதீங்க… மாமா, சேட்டுக் கொலர விடுங்க… பொறகு அடிக்கலாம்… ஐயோ, விடுங்க மாமா, போன்ல மையித்து! மையித்து லைன்ல நிக்கிது!…”

அந்த வாக்கியத்துக்குக் கூட்டம் தானாக வழிவிட்டது.

“மோதினார் மாமா, மைக்க போடுங்க… நானா, கிட்டப் புடிச்சிருக்கன். கதைங்க. ரிஃபாஸ் எண்டு கூப்பிடுங்க… இன்னும் சத்தமா…”

பள்ளிக் கூரையிலிருந்து தம்பியின் பெயர் கடலுக்குப் போனது. றிப்தியின் கழுத்துப்பட்டியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. யன்னலால் பார்த்தால், அலைகளுக்கு நடுவே வள்ளம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. வள்ளத்தின் முகம் இன்னமும் வடக்கே, உச்சமுனையை நோக்கித்தான்.

“இன்னொருக்கா… திரும்பல்ல நானா… ரிஃபாஸ் எண்டு ஊர்ல யாரும் கூப்பிடலாம்தானே, மோதினார்தான் கூப்பிடுறார் எண்டு நெனச்சிருப்பார்… சின்ன வயசுல நீங்க மட்டும் கூப்பிட்ட பேர் ஒண்டு இரிக்கா?… சொல்லுங்க… வெக்கப்படாதீங்க நானா, மவுத்தான ஆளுக்கு என்ன வெக்கம்?…”

வளர்ந்த ஆண் எவனும் ஊருக்கு முன்னால் கேட்க விரும்பாத ஒரு சின்னப் பெயர், ஒலிபெருக்கியில், இரண்டு தரம் ஒலித்தது. முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. கடலில் எஞ்சின் சத்தம் குறைந்தது.

“திரும்புது! நானா, திரும்புது… ஓம்… வாறார்… ஆக்கள் தண்ணிக்குள்ள ஓடுறாங்க… புடிச்சிட்டாங்க, இழுக்குறாங்க… நல்லா இரிக்கார். மணல்லயே குந்திட்டார்… ஓம், இப்ப வெளங்குது நானா. அழுறார்…”

றிப்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுமுனையில் சரீப் மூக்கைச் சிந்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி பேசத் தொடங்கினார். ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஓம் நானா… ராத்தாக்கும் கேட்டிருக்கும்… என்ன?… நானா, அது இப்ப வேணாம்… புத்தகத்தப் பத்திச் சொல்லாதீங்க நானா, இது பள்ளி மைக்… எல்லாரும் வாங்கணும் எண்டு… ஐயோ, இலக்கத்தையும் சொல்லிட்டீங்களா!… நானா?… நானா?…”

போன் அடங்கிப்போயிற்று. சரீபின் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

முற்றம் முழுவதும் இப்போது றிப்தியைப் பார்த்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்காகக் காலையிலிருந்து அழுத கண்ணோடு, கையில் வாசல் கூட்டுகிற தும்புத்தடியோடு, மர்ளியா பள்ளி வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தாள். றிப்தி மெதுவாகப் போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டான்.

“ஓம் நானா… கேக்குது, கேக்குது… றிப்திக்கு ஒருத்தரும் அடிக்கப்படாதா?… ஓம், சொல்றன்… தும்புத்தடியாலயும் அடிக்கப்படாதாம்… ஓம் நானா, எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறாங்க. வெச்சிராதீங்க, கதைங்க…”

காதில் இருந்த போன், மைக்குக்கு நேர் முன்னால், ஊர் முழுவதும் கேட்க அடிக்கத் தொடங்கியது.