பத்துக்குப் பதினோரு அடி அறையில் பதினைந்து அங்குலப் பெட்டி வைத்தது குறித்து

கடைத்தெருவில் சவுண்டுக்காரர் வீடு எது என்று கேட்டால்தான் என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். வயது நாற்பத்தாறு. பஸ் டெப்போவுக்குப் பின்னால் உள்ள மாடி வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் குடியிருக்கிறேன். பத்தொன்பது வருடமாக வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். சாட்சியாக வரச் சொல்லி எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. அதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே நானாக ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

ஏழு மாதத்துக்கு முன் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கடைக்கு வந்தார். அவரை மேனேஜர் சார் என்றே அழைப்பேன். மூன்றாம் மாடியில் உள்ள தமது ஃபிளாட்டில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார். நான் போய் டேப் பிடித்து அளந்ததில் பத்துக்குப் பதினோரு அடி இருந்தது. அந்த அறைக்குச் சின்ன ஸ்பீக்கர் ஐந்தும் எட்டு அங்குல சப்வூஃபர் ஒன்றும் தாராளம் என்றேன். சப்வூஃபர் என்பது இடி, வெடி, லாரி இன்ஜின் மாதிரியான கனத்த சத்தத்தை மட்டும் கொடுக்கிற பெட்டி. தம்முடைய சம்பந்தி வீட்டில் பதினைந்து அங்குலம் இருப்பதாகவும், தமக்கு அதற்கு ஒரு அங்குலம்கூடக் குறையக் கூடாது என்றும் மேனேஜர் சார் சொன்னார். சம்பந்தி வீட்டு வேலையும் நான் செய்ததுதான். அது இருபத்தைந்தடி ஹால். இந்த அறையில் அந்தப் பெட்டியை வைப்பது தீப்பெட்டிக்குள் யானையைக் கட்டுகிற கதை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தாரே தவிர இறங்கி வரவில்லை. நானும் பதினைந்து அங்குலப் பெட்டியையே கொண்டுபோனேன்.

அதன் பிறகு பெட்டியை அவர் உட்காரும் சோபாவின் மேல் வைத்து ஓடவிட்டு, நான் சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போய், எந்த இடத்தில் சத்தம் சீராக விழுகிறது என்று காதால் தேடி, அந்த இடத்தில் பெட்டியை இறக்கி வைத்தேன். எங்கள் தொழிலில் அதுதான் முறை. நாற்பத்தாறு வயது ஆள் தவழ்வதைப் பார்த்து மேனேஜர் சாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இடம் அமைந்தது பக்கத்து ஃபிளாட்டோடு சேர்ந்த சுவரின் ஓரத்தில். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தப் பக்கம் இருப்பவர் ஆஸ்பத்திரி நர்ஸ். தனி ஆள். ஓர் அறையும் சமையலறையும் மட்டும் உள்ள ஃபிளாட். அவருக்கு எப்போதும் இரவு வேலை என்பதால் காலையில் வந்து பகலில்தான் தூங்க வேண்டும். மேனேஜர் சார் படம் போடுவது காலை பத்தரை முதல் மதியச் சாப்பாடு வரை, சாயங்காலம் மறுபடியும். பட்டப்பகலில் படம் பார்ப்பதை எப்படித் தடுக்க முடியும் என்று குடியிருப்போர் சங்கத்தில் கைவிரித்துவிட்டார்கள். நர்ஸ் நான்கு முறை புகார் எழுதிக் கொடுத்த பிறகு, சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, தொழில் தெரிந்தவர் என்ற முறையில் நேரில் கேட்டுக் கடிதம் கொடுக்கச் சொன்னார். அது பெட்டி வைத்து நான்கு மாதம் கழித்து.

மேனேஜர் சார் வீட்டில் படம் ஓடிக்கொண்டிருக்க, நானும் செயலாளரும் நர்ஸின் அறைக்குப் போனோம். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு அறைதான். நான் நேராக நடுவில் போய் நின்றுகொண்டு கேட்டேன். ஒன்றும் பெரிதாக இல்லை. சின்ன அறையில் கனத்த சத்தம் சுவரோரங்களில் போய்க் குவியும், நடுவில் செத்துப்போகும். இதை வாடிக்கையாளர்களுக்கு நானே நூறு தடவை விளக்கியிருக்கிறேன். நர்ஸ் என்னிடம், "கட்டில்கிட்ட வந்து கேளுங்க சார், தலகாணி வைக்கிற இடத்துல," என்றார். "ரூம்ல எங்க நின்னு கேட்டாலும் ஒண்ணுதாம்மா," என்றேன். செயலாளர் தலையை ஆட்டினார். நர்ஸ் கசங்காத போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

சத்தம் எதுவும் வருவதில்லை, இது அவருடைய மனப்பிரமை என்று கடிதத்தைத் தெரிந்தே எழுதிக் கொடுத்தேன். மனப்பிரமை என்ற சொல்லை யாரும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. சத்தம் உண்டு என்றால் சவுண்டுக்காரருக்கு அறைக்கேற்ற பெட்டி வைக்கத் தெரியவில்லை என்று ஊர் பேசும். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியாது.

அதன் பிறகு ஐந்து வாரம் கழித்து, காலை பதினோரு மணியளவில், நர்ஸ் சுத்தியலோடு மேனேஜர் சார் வீட்டுக்குள் போய்ப் பெட்டியை அடித்திருக்கிறார். குறுக்கே வந்த மேனேஜர் சார் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் நேரில் பார்க்கவில்லை. மேனேஜர் சார் சொல்லித் தெரியும். போலீஸில் கொடுத்த புகாரோடு என் கடிதத்தை இணைத்திருக்கிறார். அதன் நகல் ஆஸ்பத்திரிக்கும் போய், புத்தி சரியாக இருக்கிறது என்று சான்று கொண்டு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நர்ஸை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று மேனேஜர் சார் கூப்பிட்டதன் பேரில் போய், பெட்டிக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கூம்பான கோன் கிழிந்திருந்ததை மாற்றி, பெட்டியை ஓடவிட்டேன். அதை ஓடவிட்டபடியே வெளியே வந்து பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கூண்டில் ஏறிப் பொய் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான். நர்ஸ் கதவைத் திறந்து வழி விட்டார். நான் பழக்கதோஷத்தில் மறுபடி நடுவில் போய் நின்றேன்.

"நடுவுல நிக்காதீங்க சார். அங்க போய்ப் படுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். காதைவிடப் பல்லில் அதிகமாகத் தெரிந்தது. நெஞ்சுக்கூடு தானாக அதிர்ந்தது. ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் எழுந்துவிட்டேன். கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றியும் பார்த்ததாக நர்ஸ் சொன்னார். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டிருந்தால் ஓரளவாவது தூங்கியிருப்பார். முதல் நாளே அதைச் சொல்லத் தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான். சொன்னால் சத்தம் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சொல்லவில்லை.

நான் வாசலுக்கு வந்தபோது நர்ஸ், "நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார், நம்ம புத்திதான் கெட்டுப்போச்சோன்னு," என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. படியிறங்கி வந்துவிட்டேன்.

அவர் சுத்தியல் எடுத்தது சரியா தப்பா என்று சொல்வது என் வேலை இல்லை. என் கடிதம் பொய். அதை இந்த வழக்கிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மேற்கண்டதை எழுதிய காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். கடிதத்தைப் பற்றிய இடத்தில் "தவறுதலாக எழுதிக் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தார். அப்படி இருப்பதுதான் எனக்குப் பாதுகாப்பு என்றும் சொன்னார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "தெரிந்தே" என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்)